ஏற்றத்தில் மட்டும் அணைந்துபோன எஞ்சின்: ஒரு பழைய மோட்டார் ஹோமின் பெட்ரோல் பாதை

எங்கள் வண்டி 1985-ஆம் ஆண்டு கட்டப்பட்ட கிளாஸ் ஏ மோட்டார் ஹோம், அதாவது பேருந்து வடிவில் உள்ளேயே தங்கும் வசதியோடு கட்டிய வண்டி. 27 அடி நீளம், செவ்ரோலே பி30 சேஸிஸ் (அடிச்சட்டம்), 454 கன அங்குல வி8 எஞ்சின்; லிட்டர் கணக்கில் 7.4. மேலே, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டர். எஞ்சினின் பக்கத்தில், கேம்ஷாஃப்டின் அசைவில் இயங்கும் மெக்கானிக்கல் எரிபொருள் பம்ப். 60 கேலன் டேங்க் (அமெரிக்கக் கேலன், ஒன்றுக்குச் சுமார் 3.8 லிட்டர்) வண்டியின் பின்பாதியில், படுக்கையறைத் தரைக்குக் கீழே சேஸிஸ் சட்டங்களுக்கு நடுவில் தொங்குகிறது. பம்ப் முன்னால், பெட்ரோல் பின்னால். நடுவில் நீண்ட எஃகுக் குழாயும், அதை ஆங்காங்கே இணைக்கும் ரப்பர் துண்டுகளும் இருக்கின்றன. அத்தனை தூரத்தையும் அந்தச் சிறிய பம்ப் உறிஞ்சியே கடக்க வேண்டும். இந்த வண்டியில் வந்த கோளாறு முழுவதும் இந்த ஏற்பாட்டிலிருந்து பிறந்தது.

வசிப்பது தெற்குக் கலிபோர்னியா. சமதளத்தில் மணிக்கு 55 மைல் வேகத்தில் நாள் முழுக்க ஓட்டினாலும் எஞ்சினில் ஒரு குறையும் தெரியாது. சான் பெர்னார்டினோவைத் தாண்டி ஐ-15 நெடுஞ்சாலை கஹோன் கணவாயில் ஏறத் தொடங்கியதும் சில நிமிடங்களில் இழுவை குறையும். ஒரு முறை விட்டுப் பிடிக்கும், மறுபடி விடும், பிறகு அணைந்தே போகும். ஓரமாக நிறுத்திக் காத்திருந்தால் மீண்டும் கிளம்பும், அடுத்த மைலில் அதே கதை. பக்கத்தில் லாரிகள் இரைந்துகொண்டு போக, குறுகிய ஓரத்தில் குடும்பத்தோடு நிற்பது ஆபத்தான காரியம். இதைத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

விவரம் கேட்டவர்கள் அனைவரும் சொன்ன பதில் ஒன்றுதான்: வேப்பர் லாக். குழாயில் பெட்ரோல் சூட்டில் ஆவியாகி, திரவத்தைத் தள்ள வேண்டிய பம்ப் ஆவியைத் தள்ளத் திணறுகிறது என்பது அதன் பொருள். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இது உண்மையாகவே நடக்கும். முன்பு ஒரு பணிமனையில் இதே காரணத்தைச் சொல்லிப் புதிய பம்பும் மாட்டியிருந்தார்கள். நோய் தீரவில்லை. ஆகவே அடுத்து ஏதாவது ஒன்றை வாங்கி மாட்டுவதற்கு முன், எங்கே எவ்வளவு பெட்ரோல் போகிறது என்று அளந்துவிடுவது என முடிவு செய்தேன்.

முதலில், இது பெட்ரோல் பிரச்சினைதானா என்று உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. அந்தக் காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின்களின் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இக்னிஷன் மாட்யூல் (தீப்பொறியை இயக்கும் மின்னணு உறுப்பு) பழுதானால், சூடேறும்போது வேலையை நிறுத்தி, ஆறியதும் பிழைத்துக்கொள்ளும். அறிகுறி அப்படியே வேப்பர் லாக் போல இருக்கும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. கிளாஸ் ஏ வண்டியில் எஞ்சின் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்திலேயே ஒரு மூடிக்குக் கீழே இருக்கிறது. வண்டி அணைந்தவுடன் மூடியைத் தூக்கி, ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டரின் தொண்டைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு திராட்டில் நெம்புகோலைக் கையால் ஒரு முறை முழுவதும் திருப்ப வேண்டும். கார்புரேட்டருக்குள் பெட்ரோலைத் தேக்கிவைக்கும் கிண்ணத்தில் பெட்ரோல் இருந்தால் ஆக்சிலரேட்டர் பம்பின் இரண்டு துளைகளிலிருந்து மெல்லிய தாரை பாயும். எனக்கு ஒரு சொட்டுகூட வரவில்லை. ஸ்பார்க் சோதனை விளக்கு ஒழுங்காக மின்னியது. கிண்ணம் காய்ந்திருக்கிறது, மின்சாரம் நன்றாக இருக்கிறது. சந்தேகம் அங்கேயே தீர்ந்தது.

மூடியைத் திறக்கும் முன் ஒன்றை மறக்கக் கூடாது. மோட்டார் ஹோம் என்பது சமையலறையும் சேர்ந்த வண்டி. எரிவாயுவில் ஓடும் ஃபிரிட்ஜுக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் உள்ளே சுடர் எரிந்துகொண்டிருக்கும். பெட்ரோல் குழாயில் கை வைக்கும் முன் எரிவாயு சிலிண்டரை வால்விலேயே மூட வேண்டும். பெட்ரோல் போன்ற திரவத் தீக்கான பி வகை தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கழற்றும் வேலைகள் எல்லாவற்றையும் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, திறந்த வெளியில்தான் செய்தேன்.

சாலையோரத்தில் செய்யக்கூடிய இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. எஞ்சின் திணறும்போது டேங்க் மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு எஞ்சின் தெளிந்தால், டேங்க்கின் காற்றுவழி அடைபட்டிருக்கிறது என்று பொருள். எங்கள் வண்டியில் அப்படி எந்தச் சத்தமும் இல்லை. வண்டிக்குள் மின்சாரம் தரும் ஜெனரேட்டரும் அதே டேங்க்கிலிருந்துதான் தனிக் குழாய் வழியாக பெட்ரோல் எடுக்கிறது. எஞ்சின் அணைந்து நிற்கும்போது அதைப் போட்டுப் பார்த்தேன், சீராக ஓடியது. டேங்க் காற்றின்றி இறுகியிருந்தால் அதுவும் தடுமாறியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றியது கார்புரேட்டரின் நுழைவாயில் ஃபில்டரை. குவாட்ராஜெட்டில் இது வெளியே தெரியாது. பெட்ரோல் குழாய் வந்து சேரும் ஒரு அங்குல நட்டுக்கு உள்ளே, சுண்டுவிரல் நீளத்தில் ஒளிந்திருக்கும். குழாயின் நட்டுக்கு 5/8 அங்குல ஃபிளேர் நட் ஸ்பானர் கட்டாயம் வேண்டும். சாதாரண ஸ்பானர் அதன் முனைகளை மழுக்கிவிடும். பெரிய நட்டை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டுதான் சிறியதைத் திருப்ப வேண்டும். கார்புரேட்டரின் உடல் மென்மையான உலோகம் என்பதால், பெரிய நட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் மரை போய்விடும். பிறகு அங்கே ஒழுகத் தொடங்கும், அதுவும் சூடான எஞ்சினுக்கு மேலே.

எடுத்த ஃபில்டரைத் தூக்கி எறியாமல் பிளேடால் அறுத்து, மடிப்புத் தாளை வெள்ளைத் துணியில் விரித்தேன். இந்த ஒரு வேலை எத்தனையோ ஊகங்களை மிச்சப்படுத்துகிறது. சிவந்த பழுப்பு நிறத் துகள் காந்தத்தில் ஒட்டினால் அது டேங்க்கின் துரு. எனக்குக் கிடைத்தவை கருநிறத் துணுக்குகள். காந்தம் அவற்றை அசைக்கவில்லை. விரலால் தேய்த்தால் மையாக இழுபட்டன. ரப்பர். எங்கோ ஒரு குழாய் உட்புறமாக உரிந்துகொண்டிருக்கிறது. புதிய ஃபில்டரைப் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கோடு சேர்த்தே பொருத்தினேன். ஸ்பிரிங் இல்லாவிட்டால் ஃபில்டர் நட்டோடு அழுந்தி உட்காராது, அழுக்கு அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடும்.

ஃபில்டர் மாற்றியதோடு தீர்ந்திருந்தால் நல்லது. ஆனால் ரப்பர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்படியே இருந்தது. அடுத்தது அளவு. பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் அழுத்தமானியை இணைத்துப் பார்த்தபோது ஐட்லிங்கில் (வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது) 6 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 6 பவுண்ட் அழுத்தம், காட்டியது. இந்த எஞ்சினுக்கு அது சரியான அழுத்தம். பல பணிமனைகளில் சோதனை இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. பம்ப் நன்றாக இருக்கிறது என்றோ, அழுத்தம் இருந்தும் வண்டி நிற்கிறதே, அப்படியானால் சூடுதான் என்றோ முடிவு கட்டிவிடுகிறார்கள். அழுத்தம் சரியாக இருப்பதால் அளவும் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. கிண்ணம் நிறைந்து அதன் வாயிலில் உள்ள ஊசி வால்வு மூடியிருக்கும்போது, மிகக் குறைவாக வரும் பெட்ரோலும் முழு அழுத்தத்தைக் காட்டிவிடும்.

எனவே கொள்ளளவுச் சோதனை. கார்புரேட்டர் குழாயைக் கழற்றி, அதிலிருந்து ஒரு ஹோஸை வண்டிக்கு வெளியே, தரையில் வைத்த அளவு குறித்த பெட்ரோல் கேனுக்குள் விட்டேன். எஞ்சின் கிண்ணத்தில் மீதமிருக்கும் பெட்ரோலிலேயே அரை நிமிடம் ஐட்லிங்கில் ஓடும். அந்த நேரத்தில் பம்ப் தள்ளுவதெல்லாம் கேனில் விழும். என் மனைவி கேனருகே நின்று நேரம் பார்த்தாள். இந்த எஞ்சின்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு 30 விநாடியில் ஒரு பைன்ட், அதாவது 470 மில்லிக்குக் கொஞ்சம் கூடுதல். எங்களுக்கு விழுந்தது சுமார் 230 மில்லி. வேகத்தைச் சற்றுக் கூட்டி மறுபடி பார்த்தபோதும் அது உயரவில்லை.

இந்த எண்ணை ஒரு தாளில் வைத்துப் பார்த்தால் நோயின் முழு வடிவமும் தெரிகிறது. 30 விநாடிக்கு 230 மில்லி என்றால் மணிக்கு 27 லிட்டர் சொச்சம். சமதளத்தில் மணிக்கு 55 மைல் வேகத்தில், கேலனுக்கு 8 மைல் கொடுக்கும் எங்கள் வண்டி மணிக்கு ஏறத்தாழ 26 லிட்டர் குடிக்கிறது. மயிரிழையில் தப்பிக்கிறது. ஏற்றத்தில் மணிக்கு 40 மைல், கேலனுக்கு 4 மைல் என்று வைத்தால் தேவை 38 லிட்டர் ஆகிவிடுகிறது. வரவு 27, செலவு 38. குவாட்ராஜெட்டின் கிண்ணம் சிறியது, சேமிப்பு என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. விரைவிலேயே அது வறண்டு எஞ்சின் நிற்பதில் மர்மம் எதுவும் இல்லை. குளிர்காலத்தில் ஏறினாலும் இதுதான் நடந்திருக்கும்.

இனி, குறைவாகத் தருவது பம்பா, அல்லது பம்புக்கே குறைவாக வருகிறதா? பம்பின் உறிஞ்சும் பக்கக் குழாயைக் கழற்றி, புதிய சிறு ஹோஸ் ஒன்றை நேராக ஒரு பெட்ரோல் கேனுக்குள் விட்டேன். அதே சோதனை: 30 விநாடியில் 500 மில்லி. பணிமனையில் மாட்டிய புதிய பம்ப் எந்தக் குறையும் இல்லாதது. பழைய பம்பையும் அன்றே இப்படி அளந்திருந்தால் அதற்கான செலவே தேவைப்பட்டிருக்காது.

பிறகு டேங்க்கின் குழாயை மீண்டும் இணைத்து, பம்பின் நுழைவாயிலில் ஒரு வெற்றிடமானியைச் சேர்த்தேன். இந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் எடுப்பதே இல்லை. உறிஞ்சும் குழாயில் இரண்டு வகைக் கோளாறு வரலாம். ஒன்று, அடைப்பு: பம்ப் இழுக்கும், எதிர்ப்பு இருப்பதால் வெற்றிடமானி ஏறும். மற்றொன்று, விரிசல்: பெட்ரோலுக்குப் பதிலாகக் காற்று வரும், வெற்றிடமானி படுத்தே கிடக்கும். உறிஞ்சும் பக்கத்தில் விரிசல் இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. காற்றுத்தான் உள்ளே போகும், ஆகவே தரையில் ஈரம் தேடினால் அகப்படாது. சோதனைக்கு மட்டும் ஒரு சாண் கண்ணாடி போன்ற தெளிவான ஹோஸை நடுவில் வைத்தால் குமிழ்கள் தெரியும். சோதனை முடிந்ததும் அதைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும், அது எஞ்சின் சூட்டைத் தாங்காது. எங்கள் மானி 11 அங்குலப் பாதரசம் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) காட்டியது. சரியான குழாயில் இரண்டு மூன்றுக்கு மேல் போகக் கூடாது. எங்கோ நெருக்கமான அடைப்பு.

எல்லோரும் சொன்ன வேப்பர் லாக்குக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. கொடைக்கானலில் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதிப்பதைப் போல, குறைந்த அழுத்தத்தில் பெட்ரோலும் சீக்கிரம் ஆவியாகிறது. குழாய்க்குள் 11 அங்குல வெற்றிடம் உண்டாக்கினால், கடல்மட்டத்தில் நிற்கும் வண்டிக்குள்ளேயே சுமார் பன்னிரண்டாயிரம் அடி உயரத்தை உண்டாக்கியது போலாகிறது. மேலே மலையின் உயரமும், புகைக்குழாயின் சூடும், எளிதில் ஆவியாகும் இன்றைய பெட்ரோலும் சேர்ந்தால் குழாய்க்குள் குமிழ் உருவாகாமல் இருந்தால்தான் வியப்பு. அடைப்பை விட்டுவிட்டுச் சூட்டை மட்டும் துரத்தினால் எந்தக் காப்புறையும் இதைத் தீர்க்காது.

சேஸிஸின் நடுப்பகுதியில் எஃகுக் குழாய் ஒரு ரப்பர் துண்டால் இணைக்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில் பிரித்து, அங்கிருந்து முன்புறம் நோக்கிக் கேனிலிருந்து உறிஞ்சவிட்டேன். முழு அளவு வந்தது. அப்படியானால் முன்பாதி நலம். குற்றம் அங்கிருந்து டேங்க்கிற்குள் இருக்கும் பகுதியில்.

டேங்க்கின் மேற்பகுதியை எட்டுவதற்குப் படுக்கையறைத் தரையில் துளை போட்டுவிடுபவர்கள் உண்டு. பெட்ரோல் டேங்க்குக்கு நேர் மேலே ரம்பத்தை ஓட்டுவதை நான் ஏற்க மாட்டேன். டேங்க்கை இறக்குவதே சரி. 60 கேலன் பெட்ரோலின் எடை மட்டும் 165 கிலோவைத் தாண்டும் என்பதால் முதலில் கைப் பம்பால் கேன்களுக்கு மாற்றினோம். பேட்டரி இணைப்புகளைக் கழற்றி, வெளி மின்சாரத்தையும் எரிவாயுவையும் துண்டித்தோம். பட்டைகளின் போல்ட்டுகளில் முந்தைய மாலையே துரு இளக்கும் எண்ணெய் விட்டிருந்தேன். கியர்பெட்டி தூக்கும் ஜாக்கியின் மேல் பலகை வைத்து, நானும் மைத்துனனும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம்.

டேங்க்கின் தலையில், உறிஞ்சு குழாயையும் எஃகுக் குழாயையும் இணைக்கும் ஒரு சாண் ஹோஸ். வெளிப்புறம் கருத்து, மழமழவென்று, விரிசலே இல்லாமல் இருந்தது.

“அத்தான், இது புதிது போல இருக்கிறதே, இதையும் மாற்ற வேண்டுமா?” என்றான் அவன்.

நீளவாக்கில் அறுத்து அவன் கையில் கொடுத்தேன். உட்சுவர் ஊறிப் பருத்து, ஓரிடத்தில் மடல் போல உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக உறிஞ்சினால் மடல் ஒதுங்கி வழிவிடும். வேகமாக உறிஞ்சினால் மூடிக்கொள்ளும். எஞ்சின் நின்று சற்று நேரம் ஆனால் தானே தளர்ந்து திறக்கும். காத்திருந்தால் ஏன் வண்டி கிளம்பியது என்பதற்கு அதுவே விடை.

பெட்ரோலில் எத்தனால் கலப்பது பழக்கமாவதற்கு முந்தைய காலத்து ரப்பர், இப்போது இங்கே கிடைக்கும் பத்து சதவீத எத்தனால் பெட்ரோலில் இப்படித்தான் உட்புறமாகக் கெடுகிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஹோஸின் வெளித்தோலைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. ஆண்டு தெரியாத ஹோஸ் என்றால் மாற்றிவிட வேண்டும். நான் எஸ்ஏஇ 30ஆர்9 என்ற தரக்குறி அச்சிட்ட, உள்ளே தடுப்புப் படலம் கொண்ட ஹோஸை எல்லா இடத்திலும் போட்டேன். கார்புரேட்டர் வண்டிக்கு அவ்வளவு அழுத்தத் தாங்குதிறன் தேவையில்லை என்றாலும் எத்தனாலை அது நன்றாகத் தாங்குகிறது. டேங்க்குக்குள்ளே மூழ்கியிருக்கும் துண்டுக்கு மட்டும் 30ஆர்10 வேண்டும். மற்றவை வெளிப்புறம் பெட்ரோலில் ஊறினால் கெட்டுப்போகும். கிளாம்புகளும் ஹோஸைக் கடிக்காத, துளையற்ற பட்டை வகை.

டேங்க்கின் உள்ளே சிறு கேமராவை விட்டுப் பார்த்தேன். துரு இல்லை, அடியில் மட்டும் பழுப்பு வார்னிஷ் படிவு. உறிஞ்சு குழாயின் நுனியில் இருக்கும் வலைப்பை அந்தப் படிவால் பாதி மூடியிருந்தது, புதியது போட்டேன். அதன் பூட்டு வளையத்தைத் தட்டப் பித்தளைக் கம்பியைத்தான் பயன்படுத்த வேண்டும், இரும்பு பொறி தட்டும். உறிஞ்சு குழாயின் ஒரு முனையை அடைத்து, கை வெற்றிடப் பம்பால் இழுத்துவைத்துப் பார்த்தேன். வெற்றிடம் நின்றது, ஊசித்துளை இல்லை. ஜெனரேட்டருக்குப் போகும் ஹோஸ், பம்பிலிருந்து ஆவியைத் திருப்பி அனுப்பும் சிறு குழாயின் ஹோஸ், காற்றுவழி ஹோஸ்கள் எல்லாவற்றையும் கையோடு மாற்றினோம். அந்தத் திரும்பு குழாயைச் சிலர் தேவையற்றது என்று அடைத்துவிடுகிறார்கள். அது குமிழ்களை டேங்க்குக்கு விரட்டி, பெட்ரோலை ஓட்டத்திலேயே வைத்துக் குளிர்விக்கிறது. ஆகவே அதைத் திறந்தே வைக்க வேண்டும். பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவுக்குப் போகும் ஆவிக் குழாய்களையும் பழையபடியே இணைத்தேன். கலிபோர்னியாவின் புகைச் சோதனையில் அவற்றையும் பார்ப்பார்கள்.

எஃகுக் குழாயை இரு முனையும் பிரித்து இரு பக்கமிருந்தும் காற்றால் ஊதினேன். புகைக்குழாய்க்கு ஒரு கையகலத்துக்குள் அது ஓடும் இடத்தில் மட்டும் அலுமினியப் பூச்சுள்ள கண்ணாடி இழை உறை போட்டுக் கிளிப்பால் இறுக்கினேன்.

டேங்க்கை ஏற்றி, பாதி நிரப்பி, ஒழுகல் பார்த்து, அதே சோதனைகள். வெற்றிடமானி 2 அங்குலம். 30 விநாடியில் 480 மில்லி. கார்புரேட்டருக்கு அருகில் மின் சென்சார் ஒன்றைப் பொருத்தி, அழுத்தம் ஓட்டுநர் முன் தெரியும்படி செய்தேன். பெட்ரோல் குழாயைக் கேஜ் வரை அறைக்குள் கொண்டுவருவது கூடாது. சென்சாரிலிருந்து வருவது வெறும் கம்பி.

கஹோனில் 4,000 அடிக்கு மேல் உள்ள உச்சிவரை முள் 5 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கவில்லை. அதைவிடக் கடுமையானது பேக்கர் ஊரிலிருந்து லாஸ் வேகஸ் நோக்கிய ஏற்றம். சுமார் 900 அடியிலிருந்து 4,000 அடி அருகே ஹலோரன் உச்சிவரை, இருபது மைலுக்குள். எஞ்சின் சூடாகாமல் இருக்க ஏசியை அணைக்கும்படி சாலையிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். பிற்பகல் வெயிலில், நாங்களும் ஏசியை அணைத்துக்கொண்டு ஏறினோம். உச்சிக்குச் சற்று முன் முள் 4.5க்கு வந்து அங்கேயே நின்றது. இழுவையில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

டேங்க் அருகே மின்சாரப் பம்ப் ஒன்றைச் சேர்க்கச் சொல்லி இப்போதும் சிலர் சொல்கிறார்கள். கார்ட்டரின் 4 முதல் 6 பிஎஸ்ஐ தரும் சுழல் வகைப் பம்ப் இதற்குப் பொருத்தமானதுதான். பின்னாலிருந்து தள்ளும்போது குழாய்க்குள் வெற்றிடமே இருக்காது. ஆனால் அந்த மடலோடு சேர்த்து மாட்டியிருந்தால் அதுவும் வெற்றிடத்தை இழுத்துக்கொண்டு ஒரு கோடையை ஓட்டியிருக்கும், ரப்பர் தொடர்ந்து கார்புரேட்டருக்குப் போயிருக்கும். மாட்டுவதென்றால் ரிலேயும், எஞ்சின் நின்றதும் பம்பை நிறுத்தும் ஆயில் பிரஷர் சுவிட்சும் கட்டாயம்; விபத்தில் எஞ்சின் நின்ற பிறகும் பெட்ரோல் பீய்ச்சும் பம்ப் உயிருக்கு ஆபத்து. மெக்கானிக்கல் பம்பின் உதரவிதானம் (உள்ளே அசையும் சவ்வு) கிழிந்தால், பின்னாலிருந்து தள்ளும் பம்ப் பெட்ரோலை எஞ்சின் ஆயிலுக்குள் நிரப்பிவிடவும் கூடும். ஏற்றத்தில் முள் 3க்குக் கீழே போகும் நாள் வந்தால், முதலில் வெற்றிடமானியை எடுப்பேன்; அது 2 என்றே காட்டினால் மட்டும் மின்சாரப் பம்பை வாங்குவேன்.